நாற்பதில் கம்பெடுப்பது: பட்டாசு மண்டலத்தில் முதல் தற்காப்புக் கலை

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை என்று எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் கராத்தே வகுப்பு, சிலம்பப் பயிற்சி என்று ஒரு பேனராவது கண்ணில் படும். பேனரில் கழுத்துப் பதக்கத்தோடு நிற்பவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அந்தப் பிள்ளையை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வகுப்பு முடியும் வரை மதிலோரம் நிற்கும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அதில் இடமில்லை. அவர்களில் பலரிடம் டாக்டர் ‘தினமும் நடங்க’ என்று சொல்லியிருப்பார். கொஞ்ச நாள் நடந்து அலுத்துப்போயிருக்கும். ‘நாமும் இதைக் கத்துக்கிட்டா என்ன’ என்று ஓர் ஆசை எழும். ‘இந்த வயசுலயா’ என்ற கூச்சம் அதை அமுக்கிவிடும். கூச்சத்தைத் தாண்டி வருகிறவருக்கு அடுத்த கேள்வி காத்திருக்கிறது: எந்தக் கலை?

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. தமிழர் கலை சிலம்பம், அதையே எடு என்பது ஒன்று. தெருச்சண்டைக்கு எது உதவுமோ அதை எடு என்பது மற்றொன்று. இரண்டுமே கலையைப் பற்றிப் பேசுகின்றனவே தவிர, கற்க வருகிற உடம்பைப் பற்றிப் பேசவில்லை. ஓர் ஆசான் இருபது வருடம் பழகிச் செய்வதைப் பார்த்துத்தான் நாம் ஒரு கலைமேல் ஆசைப்படுகிறோம். ஆனால் 80 கிலோ எடையும் ஏறிய சர்க்கரையுமாக உள்ளே நுழைகிறவர் சந்திக்கப்போவது அந்தக் கலையின் முதல் மூன்று மாதத்தை. அந்த மூன்று மாதத்தில் அது உடம்பிடம் என்ன கேட்கிறது, எங்கே வலிக்கவைக்கிறது, வேலை நேரத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்பதை வைத்தே முதல் கலையைத் தீர்மானிக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் வாதம் அதுதான்.

எந்த உடம்பு?

உடற்பயிற்சி இல்லாத உடம்பு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இந்த மண்டலத்தில் அது பல வகை. கல்லாவில் உட்காரும் கடைக்காரர், பட்டாசு ஏஜென்சியில் கணக்கு எழுதுபவர், அச்சாபீஸில் கம்ப்யூட்டர் முன் வடிவமைப்பவர் ஆகியோர் முதல் வகை. நாற்காலியில் பகல், எண்ணெய்ப் பரோட்டாவோடு இரவு. இடுப்பும் தொடையின் பின்தசையும் இறுகி, வயிறு முன்னுக்கு வந்திருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஆய்வு 2023-ல் வெளியானபோது, நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, 35.5 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு, 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் என்று தெரிந்தது. கல்லாவில் இருப்பவர் இந்த மூன்றில் ஒன்றிலாவது சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

பயர் ஆபீஸ் எனப்படும் பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறவர்கள் இரண்டாம் வகை. நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து வேலை. விரல்கள் மின்னல் வேகம். இடுப்பு மூட்டு நாற்காலிக்காரரைவிட நன்றாக மடங்கும். ஆனால் கூன் விழுந்த மேல்முதுகு, முன்னுக்கு வந்த தோள், வெடிமருந்துத் தூசி இழுத்த மூச்சு. அலுமினியப் பவுடர் புழங்குகிறவரின் நக இடுக்கில் குளித்த பிறகும் வெள்ளி மினுங்கும். அதே பவுடர் மூக்கு வழியாகவும் போயிருக்கும். அச்சு மெஷினில் நின்றே வேலை செய்பவரும் லோடு ஏற்றுகிறவரும் மூன்றாம் வகை. அவர்களுக்குப் பலம் உண்டு, ஆனால் முழங்காலும் பாதமும் ஏற்கெனவே களைத்திருக்கும்.

எந்த வகையானாலும் வகுப்பில் சேருமுன் வீட்டிலேயே உடம்பைக் கொஞ்சம் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையோ முழங்காலோ ஊன்றாமல் எழ முடிகிறதா? பிரேசில் ஆய்வாளர்கள் 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரிடம் இதைச் செய்யச் சொல்லி 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். ஊன்றுதல் கூடக் கூட, அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்பும் கூடியிருந்தது. தரையில் உட்காரும் பழக்கம் இன்னும் மிச்சமிருக்கும் நம் ஊருக்கு இது இயல்பான சோதனை. இரண்டு மாடி ஏறிய பிறகு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதையும் பார்க்கலாம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளக்க ஆரம்ப சுகாதார நிலையம் போதும்; 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். மாடி ஏறும்போது நெஞ்சு இறுக்கம், இரவில் இளைப்பு, கட்டுக்குள் வராத கொதிப்பு ஆகியவை இருந்தால் மாஸ்டரைப் பார்க்குமுன் டாக்டரைப் பார்ப்பதே முறை.

இன்னும் ஒரு கணக்கும் உதவும். உடலுழைப்பை அளக்கும் சர்வதேசப் பட்டியலில் புதியவர் மெதுவாகப் பழகும் தற்காப்புக் கலைக்கு 5.3 அலகு, பழகியவரின் மிதமான வேகத்துக்கு 10.3. சும்மா உட்கார்ந்திருப்பது 1 அலகு, வேகநடை 4 முதல் 5 வரை. ஆக, புதியவரின் வகுப்பு வேகநடைக்குச் சற்று மேலே. அதைப் பழகியவரின் வேகத்துக்கு முதல் வாரத்திலேயே முடுக்கினால் உழைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். புதிதாக வந்த பெரியவர்கள் இரண்டாம் வாரத்தோடு காணாமல்போக இதுவும் ஒரு காரணம்.

கம்பு கேட்பது என்ன

இந்த மண்ணில் முதலில் பேச வேண்டியது சிலம்பம். கோயில் திருவிழா ஊர்வலங்களில் பார்த்துப் பழகிய கலை. எம்.ஜி.ஆர். படங்களில் கம்புச் சண்டைக்கென்றே விசில் பறந்தது, அதே எம்.ஜி.ஆர். 1977-ல் அருப்புக்கோட்டையில் வென்றுதான் முதல் முறை முதலமைச்சரானார். கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்தபோது சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பையிலும் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அது சேர்ந்துவிட்டது.

பெரியவருக்கு இவற்றில் எதுவும் முக்கியமில்லை. அவருக்குச் சிலம்பத்தின் பெரிய வசதி, முதல் சில மாதங்களுக்கு எதிராளியே இல்லை என்பதுதான். யாரும் தள்ளமாட்டார்கள், யாரும் தூக்கிப் போடமாட்டார்கள். உயரக் குதிக்கவும் வேண்டாம். தேவை ஒரு கம்பு, நிலத்தில் ஊன்றினால் புருவ மட்டத்துக்கு வருகிற அளவு. கல்மூங்கில் கனமாக இருக்கும். தொடக்கத்துக்கு மெல்லிய பிரம்பு நல்லது.

முதல் நாள் கம்பின் நடுவைப் பிடித்து மணிக்கட்டால் சுழற்றச் சொல்வார்கள். நாலைந்து சுற்று ஒழுங்காகப் போகும், பிறகு நுனி வந்து சொந்தக் கணுக்காலிலேயே தட்டும். வலது கைக்கு ஓரளவு வந்ததும் இடது கைக்கு மாற்றச் சொல்வார்கள். இடது கை சொன்னபடி கேட்காது. வேகமாகச் சுற்றினால் சரியாகிவிடும் என்று முறுக்குவோம். தோள் காதுவரை ஏறும், மூச்சு நின்றுபோகும். விவரமான வாத்தியார் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். “வேகம் வேண்டாம் அண்ணாச்சி. கம்பு பாட்டுக்குச் சுத்தட்டும், நீங்க காலைப் பாருங்க” என்பார். பிறகு கம்பைக் கீழே வைத்துவிட்டுக் காலடி மட்டும் போடவைப்பார்: முன்னுக்கு ஓர் அடி, பின்னுக்கு ஓர் அடி, பக்கவாட்டில் ஓர் அடி, பாதத்தைத் திருப்பி எதிர்த்திசை நோக்கி நிற்றல். உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக மாற்றும் இந்தப் பழக்கம்தான் கொழுத்த உடம்புக்குச் சிலம்பம் தரும் முதல் லாபம். இடுப்பு வழியாகத் திரும்பக் கற்றவருக்கு முழங்கால் முறுக்கு குறைகிறது. தரையில் கூனி உட்கார்ந்து வேலை செய்பவருக்கோ, கம்பு சுற்றும்போது நெஞ்சு விரிவதும் தோள் பின்னுக்குப் போவதும் நாள் முழுக்க மடங்கிக் கிடந்ததற்கு நேர் மாற்று.

குறைகளும் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுக்கம் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. அந்தத் தோளோடு தலைக்கு மேல் வீச்சு போட்டால் வலி பல மாதம் நிற்கும். அவர்கள் இடுப்பு மட்டச் சுழற்சியோடு நிறுத்திக்கொண்டு, கை வலியின்றி மேலே போகும் அளவுக்கு மட்டும் உயர்த்த வேண்டும். மணிக்கட்டும் முழங்கையும் முதல் மாதம் நோகும். களம் பெரும்பாலும் கரடுமுரடான மைதானம், பழக்கம் வெறுங்கால். பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போன நீரிழிவுக்காரர் வெறுங்காலோடு அங்கே இறங்கக் கூடாது. குத்திய முள் தெரியாது, ஆறாத புண்ணாகிவிடும். வாத்தியாரிடம் சொல்லிவிட்டு மெல்லிய ஷூ போட்டுக்கொள்ளலாம்.

தனியே கம்பு சுற்றத் தெரிந்தால் சண்டை தெரியும் என்று நினைப்பது தவறு. அலங்கார வீச்சு வேறு, எதிரே ஒருவர் நின்று வெட்டும் குத்தும் போடும்போது தட்டியும் பூட்டுப் போட்டும் நிற்பது வேறு. வெறுங்கைக்கான குத்துவரிசையும் பிடிவரிசையும் மரபில் உண்டு, ஆனால் எல்லா வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை. போட்டிப் பதக்கமும் ஒதுக்கீடும் வந்த பிறகு பல வகுப்புகள் பிள்ளைகளின் போட்டி வேகத்துக்கு மாறிவிட்டன. நாற்பது வயதுக்காரரை ஓரமாக நிறுத்தி ‘சுத்திக்கிட்டிருங்க’ என்று விட்டுவிடும் வகுப்பில் அவருக்கு லாபமில்லை.

வெள்ளைச் சட்டையும் பெல்ட்டும்

ஊர் அளவில் எளிதாகக் கிடைப்பது கராத்தேதான். அரசுப் பள்ளி மாணவிகளுக்கான தற்காப்புப் பயிற்சித் திட்டத்தால் கராத்தே மாஸ்டர்கள் சிறு ஊர்ப் பள்ளிவரை வந்துவிட்டார்கள். கராத்தேயை ஒகினாவாவிலிருந்து ஜப்பான் பெருநிலத்துக்குக் கொண்டுசென்ற ஃபுனாகோஷி கிச்சின் சின்ன வயதில் நோஞ்சான். 1922-ல் டோக்கியோவில் தன் கலையைக் காட்டியபோது அவருக்கு 50 வயது கடந்திருந்தது. நோஞ்சான் உடம்பும் வயதும் இந்தக் கலைக்குப் புதிதல்ல.

அதன் பலம் ஒழுங்கு. அடிப்படை அசைவு, கட்டா, ஜோடிப் பயிற்சி என்று படிப்படியாகப் போகும். கட்டா என்பது மனப்பாடமான அசைவு வரிசை. அச்சாபீஸில் பகலெல்லாம் கண்ணை வருத்திக்கொண்டிருந்தவருக்கு மனத்தை வேறு திசைக்குத் திருப்ப அதைவிட நல்ல வழி குறைவு. நின்ற இடத்தில் குத்துவதும் தடுப்பதும் எந்த எடையிலும் முடியும். தொல்லை வருவது ஆழமான நிலைகளிலும் உதைகளிலும். முன்கால் நன்றாக மடங்கி நிற்கும் நிலையில் முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால், மறுநாள் மாடிப்படியில் அது தெரியும். உதையை இடுப்பு மட்டத்துக்கு மேல் தூக்கும் அவசரமே தொடைப் பின்தசை கிழிய வழி.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது வகுப்புக்கு முந்திய ‘வார்ம் அப்’. சிமெண்டுத் தரையில் தவளைக் குதி, முஷ்டியை ஊன்றித் தண்டால், லேட்டாக வந்ததற்கு இருபது உட்கார்ந்து எழு. பத்து வயதுப் பையனுக்கு அது விளையாட்டு. 85 கிலோக்காரருக்கு அது முழங்காலைப் பாழாக்கும் வழி. அதிக எடையுள்ளவர்களிடம் செய்த அமெரிக்க ஆய்வொன்று, உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் நடையின் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீது 4 கிலோ சுமை குறைகிறது என்று கண்டது. நடக்கையிலேயே இப்படியென்றால் குதிக்கையில் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பெல்ட் விஷயத்திலும் கவனம் வேண்டும். நிறம் மாறுவது உற்சாகம் தரும், தவறில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் டெஸ்ட், ஒவ்வொன்றுக்கும் கட்டணம், சர்டிபிகேட் என்று போனால் பணம் கொடுத்து நிறம் வாங்குகிறோம் என்று பொருள். கராத்தேக்கு நாட்டில் சங்கங்கள் பல. சர்டிபிகேட்டில் இருக்கும் முத்திரைக்கு மதிப்பு எங்கே உண்டு என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்ந்த கராத்தே 2024 பாரிஸில் இல்லை. பெரியவருக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

டேக்வாண்டோ 2000 சிட்னி ஒலிம்பிக் முதல் பதக்க விளையாட்டு. அதன் உயிர் உதையிலும் துள்ளலிலும். இளம் உடம்புக்கு அருமையான கலை. எடையும் முழங்கால் வலியும் உள்ள புதியவருக்கு முதல் கலையாக நான் இதைச் சொல்லமாட்டேன்.

விழுவதும் அடிவாங்குவதும்

உண்மையான தற்காப்பு வேண்டும் என்பவருக்கு நேர்மையான பதில், எதிர்த்துத் திமிறும் ஒருவரோடு பழகும் கலைகள்: ஜூடோ, மல்யுத்தம், குத்துச்சண்டை. எதிராளி உங்கள் விருப்பப்படி நிற்கமாட்டார் என்பதை முதல் வாரமே இவை கற்றுத்தரும்.

ஜூடோவை 1882-ல் நிறுவிய கானோ ஜிகோரோ சின்ன உருவம். பலசாலிகளிடம் அடிவாங்கி வெறுத்துத்தான் ஜூஜுட்சு கற்கப் போனார். பலமில்லாதவருக்கும் உதவும் கலையாகவே அவர் அதைச் சீரமைத்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அது இடம்பெற்றது. ஜூடோவின் முதல் பாடம் விழுவது. குந்தியபடி பின்னால் சாய்ந்து, தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு உருளும்போது இரு கையாலும் பாயை அறைய வேண்டும். தலை பாயில் படக் கூடாது. குந்திய நிலையில் வந்த பிறகு அரைகுறையாக நின்று, அதன்பின் நின்றபடி. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிக்கும் வயதை நோக்கிப் போகிறவருக்கு இது வாழ்நாள் சொத்து. ஆனால் இதற்கு நல்ல பாய் வேண்டும். சிமெண்டின் மேல் மெல்லிய விரிப்பு போட்ட இடத்தில் 80 கிலோ உடம்பு நின்றபடி விழுவது தற்கொலை முயற்சி. வசதியான கூடம் தேடி மதுரைவரை போக வேண்டியிருந்தால், சிவகாசியிலிருந்து எழுபது கிலோமீட்டர் பயணம் அந்த ஆசையை ஒரு மாதத்தில் தின்றுவிடும்.

குத்துச்சண்டையின் சங்கதி வேறு. ‘சார்பட்டா பரம்பரை’ (2021) படத்தில் தொப்பை விழுந்த கபிலன் மீண்டும் கடற்கரையில் ஓடிச் சண்டைக்குத் தயாராகிறான். ஏற்கெனவே பாக்ஸிங் பழகிய உடம்பு அது, நாம் அப்படியல்ல. இருந்தாலும் தலையில் அடிவாங்காத குத்துச்சண்டைப் பயிற்சி, அதாவது பையைக் குத்துவது, மாஸ்டர் பிடிக்கும் பேடில் குத்துவது, காலசைவு ஆகியவை மூச்சுக்கு நல்ல வேலை. மூன்று நிமிடம் வேலை, ஒரு நிமிடம் ஓய்வு என்ற ஒழுங்கு புதியவருக்கும் தன் அளவைக் காட்டித்தரும். ஸ்கிப்பிங் கயிறு மட்டும் எடை குறைந்த பிறகு. தலைக்கு நேராக அடிவாங்கும் ஸ்பாரிங்கை நாற்பதுக்கு மேல் தொடங்குவதற்கு ஒரு நியாயமும் இல்லை; மூளையில் சேரும் சேதத்தைத் திரும்ப எடுக்க வழி கிடையாது.

வர்மம் பற்றி ஒரு சொல். ‘இந்தியன்’ (1996) வந்த பிறகு இரண்டு விரல் தட்டினால் ஆள் விழுவான் என்ற நம்பிக்கை பரவியது. குமரி மாவட்டத்து ஆசான்களிடம் அடிமுறையோடும் வைத்தியத்தோடும் சேர்ந்து வரும் கலை அது. பல ஆண்டு குருகுலப் படிப்பு. மூன்று நாள் முகாமில் வர்மம் சொல்லித்தருகிறேன் என்பவரிடம் பணம் கட்ட வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் களரிப்பயிற்று அழகான கலை. ஆனால் அதன் தாழ்ந்த நிலைகளும் உயரும் உதைகளும் இறுகிய இடுப்புக்கு முதல் ஆண்டில் ஒத்துவராது. காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான் சீனாவுக்குச் சண்டை கற்றுத்தந்தார் என்று ‘ஏழாம் அறிவு’ (2011) சொன்னதை வரலாற்றாசிரியர்கள் ஒப்புவதில்லை. ஒப்பினாலும் அதனால் நம் முழங்கால் பலப்படாது.

கலைக்கு முன் வாத்தியார்

இதுவரை சொன்னதிலிருந்து ஒன்று தெரியும்: கலையைவிட வகுப்பு முக்கியம். நல்ல கராத்தே மாஸ்டர், மோசமான சிலம்ப வாத்தியாரைவிட மேல். சேருமுன் ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்க விடுவாரா? பெரியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்தவர்களா? ‘முழங்கால் வலி இருக்கு மாஸ்டர்’ என்றால் பயிற்சியை மாற்றித் தருகிறாரா, ‘அதெல்லாம் போகப்போகச் சரியாயிரும்’ என்கிறாரா? இரண்டாவது பதில் வந்தால் வேறு இடம் பார்க்கலாம். தண்ணீர் குடிக்க இடைவேளை உண்டா என்பதும் இந்த வெயில் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொரு கேள்வியை நம் ஊரில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. தென் மாவட்டங்களில் கம்பு நெடுங்காலம் தெருவுக்குத் தெரு, சாதிக்குச் சாதி தனித்தனியே கற்ற கலை. 1899 ஜூனில் சிவகாசி தாக்கப்பட்ட சாதிக் கலவரம்வரை போகிற வரலாறு அதற்கு உண்டு. அன்று கம்பு விளையாட்டுப் பொருள் இல்லை. இன்றைக்குப் பள்ளி மைதானத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒன்றாக வணக்கம் போட்டுத் தொடங்கும் வகுப்புகள் வந்துவிட்டன. எந்தத் தெருக்காரரும் வரலாமா, பெண்கள் வருகிறார்களா என்று பார்த்துச் சேர்வது நாகரிகத்துக்கு மட்டுமல்ல, பயிற்சிக்கும் நல்லது. வேறு வேறு உயரமும் எடையும் பழக்கமும் உள்ளவர்களோடு பழகினால்தான் கை தேறும்.

பெண்களுக்கு நேரமே முதல் தடை. பயர் ஆபீஸ் வேனில் வீடு திரும்பி, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைக் கவனித்த பிறகு ஏழு மணிக்கு மைதானத்துக்கு வா என்றால் யாரால் முடியும்? ஞாயிறு காலை தனி வகுப்பு வைக்கும் மாஸ்டரே அவர்களுக்கு உகந்தவர். நாலு அக்காமார் சேர்ந்து கேட்டால் பெரும்பாலான மாஸ்டர்கள் வைப்பார்கள். சுடிதாரே போதும், துப்பட்டாவை மட்டும் இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம். தற்காப்புக்கென்று வருகிற பெண்கள் கையை உதறி விடுவித்து ஓடுவதையும் குரலெழுப்புவதையும் முதலில் கேட்டுக் கற்க வேண்டும். 181 உதவி எண்ணையும் போனில் வைத்திருக்க வேண்டும்.

எப்போது தொடங்குவது

உலகம் ஜனவரி 1-ல் தீர்மானம் எடுக்கிறது. பட்டாசு மண்டலத்தின் நாட்காட்டி வேறு. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் ஆபீஸ்களில் ஓவர்டைம், கடைகளில் தள்ளுமுள்ளு, அச்சாபீஸில் லேபிள் வேலையும் காலண்டர் வேலையும். அந்த நேரத்தில் புதிதாக எதைத் தொடங்கினாலும் நிற்காது. தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரம் விடுமுறை விட்டுப் பிறகு பூஜை போட்டுத் திறக்கின்றன. கார்த்திகை, மார்கழி, தை: வெயில் தணிந்த மாதங்கள், கொஞ்சம் ஓய்வும் உண்டு. அப்போது தொடங்கி மூன்று மாதம் நின்றால், விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குள் உடம்பு பழகிவிடும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி வெயில் வரும்போது வகுப்பைக் காலை ஆறு மணிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆண்டில் வேலை நெருக்கும் நான்கு மாதம் போக மிச்சம் எட்டு மாதம் பழகினாலே போதும் என்று வைத்துக்கொண்டால் மனச்சோர்வு வராது.

உலக சுகாதார அமைப்பு 2020-ல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும் இரண்டு நாள் தசைப் பயிற்சியும். இதைப் புதியவர் இப்படிப் பிரிக்கலாம்: முதல் மாதம் வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேர நடை, தினமும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல். இரண்டாம் மாதத்திலிருந்து வாரம் இரண்டு வகுப்பு. இடையில் ஒரு நாள் இடைவெளி. மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகத்தைத் தாண்ட வேண்டாம். தசை சில வாரத்தில் பலப்படும், தசையை எலும்போடு இணைக்கும் நாண்களுக்கு மாதக்கணக்காகும். ‘இப்போ நல்லா இருக்கு’ என்று வேகம் கூட்டும் இரண்டாம், மூன்றாம் மாதத்தில்தான் காயங்கள் அதிகம். இன்சுலின் போடுகிறவர் பையில் மிட்டாய் வைத்திருக்கட்டும்.

வெடிமருந்து புழங்குகிறவர்களுக்கு ஒன்று தனியே. வேலை உடுப்போடு நேராக வகுப்புக்கு வரக் கூடாது. குளித்து, உடுப்பு மாற்றி வர வேண்டும். அதிலும் தீச்சிலம்பம், தீப்பந்தம் சுற்றும் களத்தில் மருந்துத் தூசி படிந்த துணி நிற்கவே கூடாது. இந்த ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

தீர்ப்பு

முழங்கால் வலியோ அதிக எடையோ உள்ளவருக்கும், தரையில் கூனி உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் முதல் கலை சிலம்பம். காலடியைப் பொறுமையாகச் சொல்லித்தரும் வாத்தியார் கிடைத்தால் மட்டும். தோள் இறுக்கம் உள்ளவருக்கும், ஒழுங்கும் படிநிலையும் இருந்தால்தான் நிற்பேன் என்பவருக்கும் கராத்தே. உதையை இடுப்புக்குக் கீழே வைத்துக்கொள்வதாகவும் தவளைக் குதியிலிருந்து விலக்கு வேண்டும் என்றும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மூச்சு மட்டுமே குறை என்பவருக்கு ஸ்பாரிங் இல்லாத குத்துச்சண்டை. உண்மையான சண்டைத் திறன் வேண்டுமென்பவர் ஓராண்டு இவற்றில் ஒன்றில் உடம்பைத் தேற்றிக்கொண்டு, பாய் உள்ள ஜூடோ கூடத்தைத் தேடட்டும். எதுவும் பிடிக்கவில்லையானால் மாற்றிக்கொள்வதில் குற்றமில்லை; ஒரு கலையில் பழகிய காலும் மூச்சும் அடுத்த கலைக்கும் கூடவே வரும்.

ஆறு மாதம் கழித்து அளக்க வேண்டியதும் பெல்ட்டின் நிறத்தை அல்ல. தொடக்கத்தில் செய்த சோதனைகளையே திரும்பச் செய்து பார்க்கலாம்: ஊன்றாமல் எழ முடிகிறதா, இரண்டு மாடி ஏறிப் பேச முடிகிறதா, கொதிப்பும் சர்க்கரையும் எங்கே நிற்கின்றன. இவற்றில் இரண்டு தேறியிருந்தால் தேர்வு சரி. தேறவில்லையென்றால் உடம்பைக் குறை சொல்லுமுன் வகுப்பை மாற்றிப் பார்க்க வேண்டும்.